குளக்கரை யாருடையது?

குளம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது நீர். அந்நீரைக் காத்து நிற்பதோ அதனைச் சூழ்ந்துள்ள நிலம். மேட்டுநிலக் காடு அழிந்தால் மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு வந்து குளத்தில் படியவிடும், குளம் மேடாகும், வயல் வாடும். ஆதலின், குளத்தைச் சுற்றியுள்ள காணி யாருடையது என்பது சிறிய வினா அன்று.

மன்னார்ப் பெருநிலப்பரப்பின் நெல்வயல்களுக்கு உயிரூட்டுவது கட்டுக்கரைக்குளம். தேக்கம் என்னுமிடத்து அணையால் மறிக்கப்படும் அருவியாற்று நீர், வாய்க்கால் வழியே இதனை வந்தடைகிறது. பரப்பிற் பெரிதாயினும் ஆழம் குறைந்த குளம் இது. மாரியில் விரியும், கோடையில் சுருங்கும். நீர் வற்றும்போது வெளிப்படும் சேற்று விளிம்பிலேதான் நாரையும் கொக்கும் உள்ளானும் இரை தேடுகின்றன. அவ்விளிம்பை வேலியிட்டு அடைத்துவிட்டால், குளத்தில் நீர் இருந்தும் பறவைக்கு இடமிராது. இக்குளம் 1954ஆம் ஆண்டில் சரணாலயமாக்கப்பட்டது.

ஓலைத்தொடுவாய் முதலிய தீவின் ஊர்களிலிருந்து தாம்போதியைக் கடந்து வருவோர், பூநாரைகள் மேயும் ஆழமற்ற நீர்ப்பரப்பைக் கண்டிருப்பர். அப்பகுதியிலுள்ள வங்காலைச் சரணாலயம் 2008இல் அறிவிக்கப்பட்டது. ஈரானின் ராம்சார் நகரில் 1971இல் உருவான ஈரநில உடன்படிக்கையின் பட்டியலில் 2010இல் அது இடம்பெற்றது.

சட்டம் இங்கே ஒரு வேறுபாடு காட்டுகிறது. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி, தேசிய ஒதுக்கிடம் அரச காணியில் மட்டுமே அமையலாம். சரணாலயத்துள் தனியார் காணியும் அடங்கலாம். அங்கே உரிமையாளர் குடியிருக்கவும் பயிர்செய்யவும் தடையில்லை. ஆகவே முன்னதன் காவல் வலியது. பின்னதன் காவல் மெலியது.

ஆயினும், அரச உடைமை ஒன்றே போதுமா? மன்னார்க் கரையிலுள்ள விடத்தல்தீவு 2016இல் இயற்கை ஒதுக்கிடமாயிற்று. 2024இல், நீர்வாழ் உயிரின வளர்ப்பின் பொருட்டு, அதில் 168 ஹெக்டேயரை விடுவிக்க வர்த்தமானி அறிவித்தல் வெளியாயிற்று. இயற்கை ஆர்வலர் உயர் நீதிமன்றத்தை நாடினர். ஓர் அறிவித்தல் தந்த காவலை மற்றோர் அறிவித்தல் நீக்க முயலக்கூடும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

தொழில் வேண்டும் என்போர் கூற்றையும் புறக்கணித்தல் ஆகாது. ஆனால், கண்டல் மரங்களிடையே வளரும் மீன்குஞ்சும் இறாற்குஞ்சுமே கடற்றொழிலாளரின் நாளைய வலையை நிரப்புவன. குளத்து நீரே உழவரின் அடுத்த போகம். பொதுக்காணி அவர்களுக்கும் வைப்பு நிதியாகும்.

எனவே கமக்காரர் அமைப்பும் கடற்றொழிலாளர் சங்கமும் பாடசாலையும் செய்யத்தக்கது ஒன்றுண்டு. தம் ஊர்க் குளத்தின் எல்லைக்கற்கள் எங்கே நிற்கின்றன என்பதை ஆண்டுதோறும் சென்று கண்டு வருதல் வேண்டும். கல் இடம்பெயர்ந்த அன்றே அறிவோர் இருக்கும் ஊரில், குளக்கரை பொதுவாகவே நிலைத்திருக்கும்.