பேசும் தொடுதிரை

பழைய பட்டன் போனில் 5-ஆம் எண்ணின் மேல் சிறு மேடு புடைத்திருக்கும். அதை வைத்தே பார்வையற்றவர்கள் மற்ற எண்களைப் பிடித்துவிடுவார்கள். தொடுதிரை வந்ததும் அந்தப் பிடிமானம் போயிற்று. வழுவழுப்பான கண்ணாடியில் தடவிப் பார்க்கவும் வழியில்லை; விரல் பட்ட இடத்தில் எதையாவது திறந்து தொலைக்கும், இல்லையென்றால் யாருக்காவது அழைப்புப் போய்விடும்.

2009-இல் ஐபோன் 3ஜிஎஸ்ஸில் 'வாய்ஸ்ஓவர்' வந்தபோது இதற்கு விடை கிடைத்தது. தொடுவது வேறு, அழுத்துவது வேறு என்று பிரித்துவிட்டார்கள். விரலை வைத்தால் அங்கே இருப்பதன் பெயரை மட்டும் போன் சொல்லும். வேண்டியது காதில் விழுந்ததும் திரையில் எங்காவது இருமுறை தட்டினால் போதும், அது திறக்கும். ஆண்ட்ராய்டின் 'டாக்பேக்'கும் அதே ஆண்டில்தான் வந்தது. கூகுளில் அந்த முயற்சியில் பங்கெடுத்த டி.வி. ராமன் பார்வையற்ற கணினி அறிஞர். ஆனால் ஆண்ட்ராய்டில் திரையைத் தடவிக் கேட்கும் வசதி வர 2011 ஆயிற்று.

தட்டச்சுதான் எனக்குப் பெரிய வியப்பு. போனைக் குறுக்காகத் திருப்பி, திரை வெளிப்பக்கம் பார்க்கும்படி இரு கைகளாலும் பிடித்துக்கொள்வார்கள். கைக்கு மூன்று விரல், மொத்தம் பிரெயிலின் ஆறு புள்ளிகள். இடக்கை ஆள்காட்டி விரல் மட்டும் பட்டால் ஆங்கில 'ஏ'. நடுவிரலும் சேர்ந்து பட்டால் 'பி'. திரையை முழுக்கக் கறுப்பாக்கிவிட்டும் வேலை செய்யலாம். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்க்க ஒன்றும் இருக்காது. நமக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை!

இத்தனை இருந்தும், செயலியை எழுதியவர் பெயர் வைக்காத பட்டனைப் போன் எப்போதும் பெயர் சொல்லிக் கூப்பிடும் என்று சொல்ல முடியாது. பணம் அனுப்பும் பக்கத்தில் அம்புக்குறியும் குப்பைத்தொட்டிப் படமும் மட்டும் இருந்தால், பல நேரம் "பொத்தான், பொத்தான்" என்றுதான் கேட்கும். அனுப்புவது எது, அழிப்பது எது? நிரலில் ஒரு சொல் சேர்த்தால் தீர்ந்துவிடும் சிக்கல் இது. அதைக்கூடச் செய்யாமல் விடுவது சோம்பல் அன்றி வேறில்லை.

செயலி செய்பவர்கள், வெளியிடும் முன் டாக்பேக்கைப் போட்டு, திரையைப் பார்க்காமல் தங்கள் செயலியில் ஒரு ரூபாயாவது அனுப்பிப் பார்க்கட்டும். நாமும் வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகையைப் படமாக அனுப்பும்போது நாள், நேரம், மண்டபத்தின் பெயர் மூன்றையும், போன் படித்துச் சொல்லும்படி, கீழே தட்டச்சு செய்து அனுப்புவோம்.