மதிப்புடன் கூடிய மருத்துவ சேவை உங்கள் உரிமை

பட்டினப்பாக்கம், சீனிவாசபுரம் பகுதி மக்கள் பலர், திருவல்லிக்கேணியில் உள்ள அரசு கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையை இன்றும் "கோஷா ஆஸ்பத்திரி" என்றே அழைக்கின்றனர். ஆண் மருத்துவரிடம் செல்லத் தயங்கிச் சிகிச்சையின்றித் துன்புற்ற பெண்களுக்காக, டாக்டர் மேரி ஷார்லிப்பின் முயற்சியால் 1885-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது அது. மருத்துவமனை அருகில் இருந்தால் மட்டும் போதாது. நோயாளி கூச்சமின்றி உள்ளே வரவும் இயல வேண்டும்.

இது சலுகையா, உரிமையா?

உரிமையே. ஐக்கிய நாடுகள் அவையின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் குழு 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட விளக்கவுரை, மருத்துவ சேவை போதிய அளவில் கிடைக்க வேண்டும், எவரும் அணுகக்கூடியதாக இருக்க வேண்டும், தரமுடையதாக இருக்க வேண்டும் என்பதுடன், மக்களின் பண்பாட்டிற்கு ஏற்புடையதாகவும் இருக்க வேண்டும் என்கிறது.

நீங்கள் கேட்டுப் பெறக்கூடியவை

• ஆண் மருத்துவர் பெண்ணைப் பரிசோதிக்கும்போது மற்றொரு பெண் உடனிருத்தல்.
• நோய், சிகிச்சை பற்றிப் புரியும் மொழியில் விளக்கம். புரியாத ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட வேண்டாம், மீண்டும் கேளுங்கள்.
• அரசு மருத்துவமனையில் இயல்பான பிரசவத்தின்போது, பிள்ளை பெற்ற அனுபவமுள்ள உறவுப் பெண் ஒருவர் துணையிருத்தல்.
• சாதி, மதம், பாலினம், தொழில் காரணமான பாகுபாடின்மை.

பழக்கவழக்கங்களை மறைக்காதீர்கள்

பத்தியம், நோன்பு, நாட்டு மருந்து ஆகியவற்றைத் தயங்காமல் கூறுங்கள். எடுத்துக்காட்டாக, தாய்ப்பால் சுரக்கச் சுறாப் புட்டு கொடுப்பது கடலோர வழக்கம். மீன் உண்பது நன்று; எனினும் சுறாவில் பாதரசம் மிகுதியாக இருக்கக்கூடும் என்பதால் நெத்திலி, மத்தி போன்ற சிறு மீன்கள் மேலானவை. பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைப்பது மட்டும் கூடாது. நோன்பு நோற்கும் சர்க்கரை நோயாளிகள், மாத்திரை நேரத்தையும் அளவையும் தாமே மாற்றாமல் முன்கூட்டியே மருத்துவரைக் கலந்தாலோசிக்க வேண்டும்.

அவசர நிலையில்

மிகுந்த இரத்தப்போக்கு, வலிப்பு, மூச்சுத்திணறல் ஏற்பட்டால் உடனே 108-ஐ அழையுங்கள். பெண் மருத்துவர் வரட்டும் என்றோ, நல்ல நேரம் பார்த்தோ காத்திருப்பது உயிருக்கு ஆபத்தாகும். அந்நேரத்திலும் மறைப்புத் திரையும் கனிவான சொல்லும் உங்களுக்கு உரியவையே.

அவமதிக்கப்பட்டால் சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள். நிலைய மருத்துவ அலுவலரிடம் முறையிடுங்கள். 104 உதவி எண்ணிலும் தெரிவிக்கலாம். நீங்கள் மனம் நொந்து வீட்டிலேயே இருந்துவிட்டால், நோய் மட்டுமே வளரும்.