மணி ஒலிக்காத அழைப்பு

ஒருவரைக் கைப்பேசியில் அழைக்கிறோம். மணியொலி ஒருமுறைகூடக் கேட்கவில்லை. செய்தியைப் பதிவு செய்யுமாறு வேண்டும் குரலஞ்சலே முதலில் வருகிறது. வேண்டுமென்றே நம்மைத் தவிர்த்தார் என்று உள்ளம் நோகிறது. அங்கே நிகழ்ந்தது என்ன என்பதை அறிந்தால் அந்நோவு தணியும்.

நம் காதில் விழும் மணியொலி, மறுமுனைக் கருவியில் எழும் ஒலியன்று. அக்கருவி அகப்பட்டுவிட்டது என்று தெரிந்தபின் வலையமைப்பு நமக்கு எழுப்பிக் காட்டும் அடையாள ஒலியே அது. கருவி அகப்படாவிடில் அவ்வொலி எழுவதற்கே இடமில்லை.

வலையமைப்பு கருவியை எவ்வாறு தேடுகிறது? 1991 சூலை 1 அன்று பின்லாந்தின் முன்னாள் தலைமை அமைச்சர் ஹாரி ஹோல்கெரி பேசித் தொடங்கிவைத்த ஜிஎஸ்எம் என்னும் கைப்பேசி வலையமைப்பு முறை இதற்கு நல்ல சான்று. ஒவ்வொரு கைப்பேசியும் தான் எந்த வட்டாரத்தில் உள்ளது என்பதை வலையமைப்பின் பதிவேட்டில் எழுதிவைக்கிறது. அழைப்பு வந்ததும் அவ்வட்டாரக் கோபுரங்கள் அனைத்தும் அக்கருவியை ஒருசேர விளிக்கின்றன. மின்கலத்தின் ஆற்றலைச் சேமிக்கும்பொருட்டு உறங்கும் கருவி, ஏறத்தாழ அரை நொடி முதல் இரண்டு நொடிக்கு ஒருமுறை விழித்து, தன்னை எவரேனும் விளிக்கின்றனரா என்று செவிமடுக்கிறது.

முறையாக அணைக்கப்படும் கைப்பேசி, அணையும் முன் வலையமைப்பிடம் விடைபெற்றுச் செல்கிறது. பதிவேட்டில் உடனே 'இல்லை' என்ற குறி விழுகிறது. அதன்பின் வரும் அழைப்புக்குத் தேடலே கிடையாது. அது நேரே குரலஞ்சலுக்குச் செல்கிறது. சுரங்கப் பாதையில் நுழையும் கருவியோ விடைபெறுவதில்லை. பதிவேடு அது இருப்பதாகவே நம்பி விளிக்கிறது. மறுமொழி வாராமையால் சில நொடி அமைதிக்குப் பின்னரே அழைப்பைத் திருப்பிவிடுகிறது. கருவி குறித்த காலத்துக்கு ஒருமுறை தன் இருப்பைப் புதுப்பிக்கவும் வேண்டும். அக்காலம் 6 நிமிட மடங்குகளில் அமையும். உச்ச அளவு 25.5 மணி. புதுப்பிக்கத் தவறிய கருவியும் 'இல்லை' என்றே குறிக்கப்படும்.

திருப்பிவிடும் ஆணைகளும் வலையமைப்பிலேயே உள்ளன. எல்லா அழைப்புகளுக்கும் 21, பதில் இல்லாதபோது 61, எட்டாதபோது 62, வேறு பேச்சில் இருக்கும்போது 67 என அவற்றுக்கு எண்கள் உண்டு. 21 என்னும் ஆணை நடப்பில் இருந்தால், கையில் ஒளிரும் கைப்பேசிக்கும் ஓர் அழைப்பும் வாராது. தம்மை அறியாமல் அதை இட்டுவிட்டுத் திகைப்போர் உளர். *#21# என்று அழுத்தினால் ஆணையின் நிலை திரையில் தோன்றும்; ##002# எல்லா ஆணைகளையும் நீக்கும்.

மனிதரின் விருப்பமும் சில வேளைகளில் காரணமாகும். ஐபோனில் தடுக்கப்பட்ட எண்ணின் அழைப்பும், அறியாத எண்களை அமைதியாக்கும் வசதியில் சிக்கிய அழைப்பும் குரலஞ்சலையே அடைகின்றன. ஆயினும் இவை எல்லாம் அழைப்பவர் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே ஒலிக்கும். ஒலியைக் கொண்டு காரணத்தை உறுதி செய்ய இயலாது.

ஆகவே, மணி ஒலிக்காத அழைப்பைக் கொண்டு எவர் மனத்தையும் அளவிடாதீர். செய்தியைப் பதிந்துவைத்துச் சிறிது பொறுத்து மீண்டும் அழையுங்கள். உங்களைத் தேடியும் எட்டவில்லை என்று பிறர் கூறினால், முதலில் உங்கள் திருப்பிவிடும் ஆணைகளைச் சரிபாருங்கள்.