அச்சக்கதை ஆட்டத்துக்குக் களமும் விதியும்

கலவானையில் மழை பிடித்துக்கொண்டால் பிள்ளைகளுக்கு மைதானம் இல்லை. அத்தகைய நாட்களில் எங்கள் பாடசாலை மாணவர் சிலர் மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் ஆட்டம் ஒன்றைப் பற்றி இன்று கூற விரும்புகிறேன். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, "கதவைத் திறக்கிறேன்", "ஓடுகிறேன்" என்று சொல்லிக் கதையை வளர்ப்பர். முடிவு ஐயமாகும் இடத்தில் பகடை தீர்ப்புக் கூறும். 1974இல் அமெரிக்காவில் வெளியான 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' இவ்வகைக்கு முன்னோடியாகும்.

அச்சக்கதையை ஆட விரும்புவோர் தெரிந்தெடுக்க வேண்டியவை இரண்டு: விதியும் களமும்.

வீரக்கதைக்கு வகுத்த விதி அச்சக்கதைக்கு ஒவ்வாது. அங்கே பாத்திரம் வெற்றிதோறும் வலிமை பெறும். வலியவனுக்கு அச்சம் ஏது? 1981இல் வந்த 'கால் ஆஃப் கத்துலு' இதனை உணர்ந்து, உடல்நலத்துக்குப் போலவே மனத்தெளிவுக்கும் ஓர் எண் வகுத்தது. கொடுங்காட்சியைக் கண்டவர் பகடை உருட்டி 1 முதல் 100 வரை ஓர் எண்ணைப் பெறுவார். அது தம் தெளிவின் எண்ணை விஞ்சினால் தெளிவு குறையும். உண்மையை அறிய அறிய மனம் தேயும் என்பதே இவ்விதியின் உட்பொருள். 'டிரெட்' என்னும் ஆட்டத்திலோ பகடையே இல்லை. அடுக்கிய மரக்கட்டைக் கோபுரத்திலிருந்து ஒரு கட்டையை உருவி உச்சியில் வைக்க வேண்டும். கோபுரத்தைச் சரித்தவரின் பாத்திரம் கதையிலிருந்து நீங்கும். பல நாள் துப்புத் துலக்கும் கதைக்கு முன்னதும், ஒரே மாலையில் முடியும் கதைக்குப் பின்னதும் பொருந்தும்.

களத்துக்கு இருளும் தனிமையும் வேண்டும். உதவி எளிதில் எட்டலாகாது. இதற்கு எங்களிடம் பஞ்சமில்லை. சிங்கராஜ வனத்தின் ஓரமும், கைவிடப்பட்ட மாணிக்கக் குழியும், இருண்ட இறப்பர்த் தோட்டமும் அருகிலேயே உள்ளன. காணாத ஐரோப்பிய மாளிகையைவிட, நாம் அறிந்த லயத்தின் கோடியறையில் கேட்கும் தட்டொலியே நம்மை நடுங்க வைக்கும்.

ஆயின் அங்கேயே ஓர் இடரும் உண்டு. ஒரு நாள் கதை நடத்திய மாணவன், நள்ளிரவில் மலை சரிந்து லயம் புதைவதாகத் தொடங்கினான். ஒரு மாணவி பகடையை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். 2017 மே மாத வெள்ளமும் மண்சரிவும் கலவானையையும் தாக்கின. நாடெங்கும் இருநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவளுடைய உறவினரும் அவர்களுள் அடங்குவர். மற்றவர்க்குக் கதையாயிருந்தது அவளுக்கு நினைவு.

அன்றே எங்கள் மேசைக்கு ஒரு விதி கூடிற்று. கதையில் வரலாகாதவற்றை ஒவ்வொருவரும் பெயரிடாத தாளில் முன்னரே எழுதித் தருவர். நடுவில் எவரேனும் மேசைமீதுள்ள வெற்று அட்டையைத் தொட்டால், காரணம் கேளாமலே அக்காட்சி கைவிடப்படும். அஞ்சுவது இன்பமாவது, வேண்டும்போது நிறுத்தலாம் என்னும் உறுதி இருக்கும்வரையில்தான் அன்றோ?

இரு வாரம் கழித்து அம்மாணவி திரும்பி வந்தாள். இம்முறை கதை நடத்தியவள் அவளே. ஆளில்லாத மாணிக்கக் குழியின் அடியிலிருந்து யாரோ கயிற்றை இழுக்கின்றார் என்று அவள் மெல்லச் சொன்னபோது, ஓரத்தில் நின்ற எனக்கும் உடல் சிலிர்த்தது.