இறந்தவரின் போன் யார் பொறுப்பு?

வீட்டில் ஒருவர் இறந்ததும் பத்திரம், பாஸ்புக், நகை என்று தேடுகிறோம். அவருடைய போனை யாரும் சார்ஜில்கூடப் போடுவதில்லை. ஆனால் வங்கி, மின்னஞ்சல், காப்பீடு என எல்லாவற்றுக்கும் ஓடிபி வருவது அந்த சிம்முக்குத்தான். தொடர்ந்து 90 நாள் பயன்படுத்தாத எண்ணைத் துண்டித்து, பிற்பாடு வேறொருவருக்கு ஒதுக்கிவிடுவார்கள். பழைய கணக்குகளில் எண்ணை மாற்றாமல் விட்டிருந்தால், ஓடிபி முகம் தெரியாத ஆளுக்குப் போய்ச் சேரும். காரியம் முடிந்த கையோடு, இறப்புச் சான்றிதழைக் காட்டி சிம்மை வாரிசு பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பின் நம்பர் தெரியும் என்பதற்காக அவர் கணக்கிலிருந்து யுபிஐயில் பணம் எடுக்கவே கூடாது. ஆஸ்பத்திரி பாக்கியைக் கட்டத்தான் மகள் எடுத்திருப்பாள். நாளை இன்னொரு வாரிசு கேள்வி கேட்டால் அவள்தான் பதில் சொல்ல வேண்டும். வங்கியில் தெரிவித்து, நாமினி வழியாகவே பணத்தைப் பெறுங்கள்.

பணத்துக்காவது வழி இருக்கிறது. அந்தரங்கத்துக்கு? நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத்தின் தந்தை தொடுத்த வழக்கில், மகனின் அந்தரங்க உரிமை அவரோடு முடிந்துவிட்டது என்றது டெல்லி உயர் நீதிமன்றம் (2023). ஜெர்மனியில், ரயில் மோதி இறந்த 15 வயதுப் பெண்ணின் ஃபேஸ்புக் கணக்கைப் பெற்றோருக்குத் திறந்துவிடச் சொன்னது அந்நாட்டு உச்ச நீதிமன்றம் (2018). நடந்தது விபத்தா தற்கொலையா என்று தெரியாமல் தவித்தவர்கள் அவர்கள். அவர்களுடைய தவிப்பு நியாயமானது. என்றாலும் நம் கடிதங்களை யார் படிக்கலாம் என்பதை நாமே உயிரோடு இருக்கும்போது சொல்லிவைப்பதுதான் முறை.

நம் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் (2023) 14-ஆம் பிரிவு, இதற்கும் நாமினி நியமிக்கும் உரிமையைத் தருகிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முழுதாக நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை காத்திருக்க வேண்டாம். கூகுள் கணக்கின் அமைப்புகளில், செயல்படாத கணக்குக்கான பகுதி ஒன்று உண்டு. இத்தனை மாதம் நான் வராவிட்டால் இன்னாருக்கு இன்னது கொடு, அல்லது எல்லாவற்றையும் அழித்துவிடு என்று அதில் பதிந்துவைக்கலாம். ஃபேஸ்புக்கில் நினைவுக் கணக்கைப் பராமரிக்க ஒருவரை நியமிக்கலாம். அவரால் உங்கள் மெசேஜ்களைப் படிக்க முடியாது. ஐபோனில் நியமிக்கப்பட்டவருக்கு ஒரு சாவி எண் கிடைக்கும். பிற்பாடு அதோடு இறப்புச் சான்றிதழும் கேட்பார்கள். அந்த எண்ணை அச்செடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

ஏற்கெனவே ஒருவரை இழந்துவிட்ட குடும்பங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: 2 ஆண்டுகள் திறக்கப்படாத கணக்கை கூகுள் அழித்துவிடலாம், அதிலுள்ள படங்களையும் சேர்த்து. இறந்தவர் எந்த ஏற்பாட்டையும் பதிந்துவைக்காமல் இருந்தால், வாரிசுகள் இறப்புச் சான்றிதழோடு கூகுளிடம் விண்ணப்பிக்க வழி உண்டு. அந்தக் கெடுவுக்குள் விண்ணப்பித்துவிடுங்கள்.