"நீ எந்தப் பக்கம்?" என்று கேட்கப்படும் பிள்ளைகள்

எமது நாட்டில் நெடுங்காலமாக வழங்கப்பட்டு வந்த பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் தகப்பனின் இனத்துக்கு ஓர் இடமும் தாயின் இனத்துக்கு ஓர் இடமும் இருந்தன. அநேகமான குடும்பங்களில் இரண்டிலும் ஒரே சொல்தான் இருக்கும். சில பிள்ளைகளின் பத்திரத்தில் அப்படியில்லை. தாய் இலங்கைத் தமிழர், தகப்பன் சிங்களவர்; அல்லது முஸ்லிம், அல்லது பறங்கியர். உத்தியோகத்துக்காகவும் படிப்புக்காகவும் வெளி மாவட்டங்களுக்குப் போன இடத்தில் இப்படி மணம் முடித்த பெண்கள் எமது ஊர்களிலும் இருக்கிறார்கள்.

இக்குடும்பங்களுக்குப் போர் தந்த துன்பம் ஒரு தனி வகை. 1958, 1977, 1983 வன்செயல்களின் போதும், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட போதும், ஒரே வீட்டில் ஒருவருக்கு ஆபத்து, மற்றவருக்கு ஆபத்தில்லை என்ற நிலை வந்தது. பிரிவு, மரணம், காணாமற்போதல் என ஏதோ ஒன்றினால் தகப்பனை இழந்த பிள்ளையோடு தாய்வீட்டுக்குத் திரும்பிய சகோதரிக்கு முதலில் கிடைக்கும் புத்திமதி என்ன? "பிள்ளைக்கு ஒன்றும் சொல்லாதே. படத்தை எடுத்து வை. அது எங்கடை பிள்ளையாய் வளரட்டும்." அன்பினால் சொல்வதுதான். ஆனாலும் அது நல்ல புத்திமதி அல்ல.

'அடையாள நெருக்கடி' என்ற சொல்லை உளவியலில் நிலைநாட்டிய எரிக் எரிக்சனின் வாழ்க்கையை இங்கே சொல்ல வேண்டும். 1902இல் ஜேர்மனியில் பிறந்தவர். தாய் டென்மார்க்கைச் சேர்ந்த யூதப் பெண். பெற்ற தகப்பன் யூதர் அல்லர். தாய் பின்னர் ஒரு யூத வைத்தியரை மணந்து, "இவர்தான் உன் அப்பா" என்று சொல்லி வளர்த்தார். பிள்ளைக்கோ பொன்னிற முடி, நீலக் கண். தொழுகைக்கூடத்தில் "நீ யூதன் இல்லை" என்று கேலி. பாடசாலையில் "நீ யூதன்" என்று கேலி. ஏதோ மறைக்கப்படுகிறது என்பது அவருக்கு விளங்கியது. உண்மை பிறகு தெரிய வந்தும், பெற்றவரின் பெயரைக் கடைசிவரை அவரால் அறிய முடியவில்லை. தாம் யார் என்ற கேள்வியே அவரது ஆயுட்கால ஆய்வாயிற்று. எல்லாப் பிள்ளைகளும் அந்தக் காயத்திலிருந்து நூல் எழுதுவதில்லை.

இரு இனத்துக்குப் பிறந்தவர் எங்கும் சேராமல் நடுவில் தவிப்பார் என்றே ஒரு காலத்தில் அறிஞர்களும் எழுதினார்கள். பிற்காலத்தில் அக்கருத்து மாறியது. 1990இல் அமெரிக்க உளவியலாளர் போஸ்ரன் இப்பிள்ளைகளின் வளர்ச்சியில் ஐந்து படிகளைக் காட்டினார். சிறு பிள்ளைக்கு இனம் ஒரு பொருட்டல்ல. அம்மாவின் பிள்ளை, அவ்வளவுதான். பிறகு, "ஒன்றைத் தெரிவு செய்" என்று வெளியுலகம் நெருக்குகிறது. பிள்ளை ஒன்றைத் தெரிவு செய்கிறது. உடனே மற்றப் பெற்றோருக்குத் துரோகம் செய்துவிட்டதாக ஒரு குற்ற உணர்வு, தன்மீதே ஒரு வெறுப்பு. இந்த மூன்றாவது படிதான் ஆபத்தானது. காரணம் சொல்லாத கோபம், பாடசாலைக்குப் போக மறுப்பது, தன் பெயரையே சொல்லக் கூச்சப்படுவது எல்லாம் இங்கே தோன்றலாம். இதைத் தாண்டினால் மற்றப் பக்கத்தை அறியும் ஆவலும், முடிவில் இரண்டும் சேர்ந்ததே நான் என்ற நிறைவும் வரும்.

எல்லோரும் ஒழுங்காகப் படியேறுவதில்லை. மரியா ரூட் என்ற உளவியலாளர் இதைத்தான் வற்புறுத்தினார். ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் ஒரு விதமாகவும் தங்கை இன்னொரு விதமாகவும் தம்மை அடையாளப்படுத்தலாம். வயதோடு அது மாறவும் செய்யலாம். அதில் நோய் எதுவுமில்லை.

இதற்கு எமது மண்ணோடு தொடர்புடைய உதாரணமும் உண்டு. மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரியை 1913இல் நிறுவிய சேர் பொன். இராமநாதனின் தாய்மாமன் சேர் முத்துக்குமாரசுவாமி. அவர் மணந்தது எலிசபெத் என்ற ஆங்கிலப் பெண்ணை. 1877இல் பிறந்த மகனுக்கு இரண்டு வயது நிரம்பு முன்பே தகப்பன் இறந்தார். விதவைத் தாய் பிள்ளையை இங்கிலாந்தில் தனியே வளர்த்தார். ஆனால் தகப்பனின் பெயரை மறைக்கவில்லை. அப்பிள்ளைதான் கலையோகி ஆனந்த கென்ரிஷ் குமாரசுவாமி. 'கென்ரிஷ்' என்பது தாயின் ஊரான கென்ற் பகுதியைக் குறிக்கும். பின்னர் இலங்கைக்கு வந்து பணியாற்றிய அவர், 1908இல் சிங்களக் கலைகள் பற்றிப் பெரிய நூலொன்றையும் வெளியிட்டார். வசதியான குடும்பம், எமது சகோதரிகளின் நிலையோடு ஒப்பிட முடியாதுதான். பெயரை வைத்திருக்க மட்டும் வசதி தேவையில்லை.

பிள்ளை கேட்கும்போது, வயதுக்கு ஏற்றபடி, உண்மையைச் சொல்லுங்கள். ஐந்து வயதில், "அப்பா வேறு பாஷை பேசுவார்" என்றால் போதும். தகப்பனின் படம், அவர் பேசிய நாலு சொற்கள், அவரது ஊரின் பெயர், இவை பிள்ளையின் சொத்து. கணவர் உங்களைக் கொடுமைப்படுத்தியிருந்தால் அதையும் மறைக்கத் தேவையில்லை. ஆனால் "அந்தச் சனமே அப்படித்தான்" என்று சொல்ல வேண்டாம். அந்தச் சனத்தில் பாதி உங்கள் பிள்ளைக்குள் இருக்கிறது. அம்மம்மாவுக்கும் மாமன்மாருக்கும் இதை நீங்கள்தான் சொல்லி வைக்க வேண்டும். பிள்ளையைக் குத்தும் பேச்சு அநேகமாக வீட்டுக்குள்ளேதான் தொடங்குகிறது.

வெளியாருக்கு எதைச் சொல்வது, எதை விடுவது என்பது வேறு விடயம். அது உங்கள் பாதுகாப்பைப் பொறுத்தது. அயலவர் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கும் இல்லை, பிள்ளைக்கும் இல்லை.

பலாத்காரத்தினால் பிறந்த பிள்ளையை வளர்க்கும் தாய்மார் இதைத் தனியே சுமக்க வேண்டியதில்லை. எப்போது, எவ்வளவு சொல்வது என்பதை உளவளத்துணையாளர் ஒருவரோடு இரகசியமாகப் பேசித் தீர்மானிக்கலாம். பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தரிடமோ, யாழ் போதனா வைத்தியசாலை, தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை ஆகியவற்றின் உளநலப் பிரிவுகளிலோ விசாரியுங்கள். முதல்முறை பிள்ளையைக் கூட்டிப் போகாமல் நீங்கள் மட்டும் போவது நல்லது.