குறையுள்ள வாகனமும் கைநழுவும் காலமும்

பெரும்போக அறுவடை முடிந்து நெல் விற்ற பணம் கைக்கு வந்ததும், நாவிதன்வெளி, சவளக்கடை, மத்தியமுகாம் பகுதிகளிலிருந்து கிட்டங்கி வழியாகக் கல்முனைக்கு வருவோரில் சிலர் வாகனம் பார்ப்பதற்கென்றே வருகின்றனர். வயலுக்கும் சந்தைக்குமாக ஒரு பட்டா லொறி, அல்லது குடும்பத்துக்கு ஒரு வான். புதியது வாங்க வசதி இல்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்கள் என்ன விலைக்குக் கைமாறின என்பதை நாம் அறிவோம்.

இவ்வாறு வாங்கிய வாகனம் இரண்டாம் வாரத்திலேயே கியர்பொக்ஸ் உடைந்து நின்றால் என்ன செய்வது? வழக்கமாக நடப்பது இதுதான். விற்பனை நிலையத்தார் முகம் சுளிப்பதில்லை. "கொண்டு வாருங்கள், நமது கராஜில் செய்து தருகிறோம்" என்பார்கள். ஒரு வாரம் கராஜில், இரண்டு வாரம் வீதியில், மீண்டும் கராஜில். மாதங்கள் கழிந்து, பொறுமையிழந்து "வண்டியை எடுத்துக்கொண்டு பணத்தைத் தாருங்கள்" என்று கேட்கும்போது, "இத்தனை நாள் ஓடிவிட்டு இப்போது கேட்கிறீர்களே" என்ற பதில் வருகின்றது. வருந்தத்தக்கது என்னவெனில், சட்டத்தின் பார்வையிலும் அந்தப் பதிலுக்கு ஓரளவு வலுவுண்டு.

இலங்கையில் இவ்விடயத்தை ஆள்வது 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பண்ட விற்பனைக் கட்டளைச் சட்டமாகும். பிரித்தானியாவின் 1893ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பெரிதும் தழுவியது அது. குறித்த வகைப் பொருளை வியாபாரமாக விற்பவரிடம் வாங்கும்போது, அப்பொருள் விற்கத்தகு தரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை, வாயால் சொல்லப்படாவிட்டாலும் ஒப்பந்தத்தில் அடங்கியிருக்கின்றது. வாங்குபவர் பரிசோதித்திருந்தால், அப்பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு மட்டும் இது பொருந்தாது. ஓடிய தூரம் காட்டும் மீற்றரைப் பின்னோக்கித் திருப்பியிருந்தாலோ, வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக் கழுவித் துடைத்து வைத்திருந்தாலோ, சாதாரணமாகச் சுற்றிப் பார்ப்பவரின் கண்ணுக்கு அது அகப்படுவதில்லை. 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தின் பின்னர் இந்த இரண்டாவது ஐயம் எவருக்கும் எழுவது இயல்பே.

பழைய வாகனம் என்பதால் புதியதன் தரத்தை எதிர்பார்க்க முடியாது என்பதும் உண்மையே. 1965இல் இங்கிலாந்தில் தீர்க்கப்பட்ட ஒரு வழக்கில், கிளட்ச் பழுது உண்டு என்று சொல்லியே விற்கப்பட்ட பழைய ஜகுவார் காருக்கு, எதிர்பார்த்ததை விடத் திருத்தச் செலவு கூடியது என்பதற்காக விற்றவர் பொறுப்பாக்கப்படவில்லை. மாறாக 1975இல், மற்றொரு பழைய ஜகுவாரின் என்ஜின் மூன்றே வாரங்களில் இறுகி நின்றபோது வாங்கியவரே வென்றார். இவை நமது நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவன அல்ல. எனினும், தேய்மானத்துக்கும் பயன்படாமைக்கும் இடையிலான வேறுபாட்டை இவை தெளிவாகக் காட்டுகின்றன.

காலமே இங்கு முக்கியம். நியாயமான காலம் கழிந்தும் நிராகரிப்பதாக அறிவிக்காமல் பொருளை வைத்திருந்தால், அதை ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும். அதன்பின் நட்டஈடு கோரலாமே தவிர, வண்டியைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தைக் கேட்க முடியாது. 1987இல் இங்கிலாந்தில் ஒருவர், மூன்று வாரங்களில் ஏறத்தாழ 140 மைல் மட்டுமே ஓடிய புதிய காரைக்கூடத் திருப்ப முடியாமற் போனார். அங்கு 2015ஆம் ஆண்டுச் சட்டம் நுகர்வோருக்கு 30 நாட்கள் என்று வரையறுத்துவிட்டது. நமது சட்டத்தில் இன்றும் நாட்கணக்கு இல்லை.

ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நமது முஸ்லிம் வாசகர்களுக்கு இது புதிதன்று. குறை கண்ட பொருளைத் திருப்பும் உரிமையை, கண்டவுடனேயே தாமதமின்றிப் பயன்படுத்த வேண்டும் என்பதே அம்மத்ஹபின் நிலைப்பாடு. தானியக் குவியலின் உள்ளே ஈரத்தை மறைத்து விற்றவரை நபிகளார் கண்டித்த சம்பவத்தை நெல் வியாபாரிகளுக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை.

ஆகவே குறை தெரிந்த அன்றே ஓட்டத்தை நிறுத்தி, நிராகரிப்பதாக எழுத்தில் அறிவித்து, பதிவுத் தபாலில் அனுப்புவதே முறை. வண்டியை இழுத்துச் சென்று விற்றவரின் வாசலில் விட வேண்டிய கடப்பாடு வாங்கியவருக்கு இல்லை. ஏற்க மறுப்பதாக அறிவித்தாலே போதும். திருத்தித் தர ஒருமுறை இடமளிப்பதாயின், திருப்பும் உரிமையைக் கைவிடவில்லை என்பதையும் அக்கடிதத்திலேயே எழுத வேண்டும்.

இன்னுமொரு சிக்கல் உண்டு. விற்பனை நிலையத்தார் பலர் தமது பெயருக்கு வாகனத்தை மாற்றுவதில்லை. பதிவுப் புத்தகத்தில் முன்னைய சொந்தக்காரரின் பெயர், திறந்த கடதாசியில் அவரது ஒப்பம். பிணக்கு வந்ததும் "நாம் தரகர் மட்டுமே" என்பார்கள். மேற்சொன்ன நிபந்தனை வியாபாரமாக விற்பவரையே பிணைப்பதால், நிலையத்தின் பெயரிலான பற்றுச்சீட்டு இல்லாதவர் வழக்கின் பாதியை அங்கேயே இழக்கின்றார். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி வியாபாரியின் கடமையாகும். அப்பற்றுச்சீட்டில் "உள்ளபடியே விற்கப்பட்டது" என்ற வரி இருந்தால் ஒப்பமிடுமுன் அதை வெட்டச் சொல்ல வேண்டும். 1896ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய விலக்குகளுக்கு இடமளிக்கின்றது.

லீசிங்கில் எடுத்தவர்கள் நிதி நிறுவனத்துக்கும் உடனே எழுத வேண்டும். கோபத்தில் தவணையை நிறுத்தினால் வண்டியும் போய்க் கடனும் நிற்கும்.

நீதிமன்றம் செல்லத் தயங்குவோர் அந்த அதிகார சபையிடம் எழுத்து மூலம் முறையிடலாம். விசாரணையின் பின் நட்டஈடு வழங்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ உத்தரவிட அதற்கு அதிகாரம் உண்டு. ஆனால் முறைப்பாடு விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் செய்யப்பட வேண்டும். கராஜில் கழிந்த நாட்களும் அம்மூன்று மாதங்களில் அடங்கும்.